பனி நாட்டில் ஒரு புளிக்குழம்பு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் நன்றாக இருக்கிறான். போன வாரம்கூடப் பேசினான். சளி பிடித்திருக்கிறது என்றான், மிளகைத் தட்டிப்போட்டுக் குடி என்றேன். இதைச் சொல்லாமல் கதையை இழுத்தால் என் சிநேகிதி என்னைச் சும்மா விடமாட்டாள். பட்டாளத்தில் இருக்கிற பிள்ளையைப் பற்றி எதைப் பேசினாலும் நல்ல சேதியை முன்னால் வைத்துவிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். நானும் ஏதோ போகட்டும் என்று கடைப்பிடித்து வருகிறேன்.

அவளும் நானும் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்தவர்கள். துணியைச் சுருட்டி, காகிதம் சுற்றி, பெட்டியில் அடுக்குகிற வேலை. பெட்டிமேல் எந்தெந்த நாட்டுப் பெயரோ இருக்கும். பக்கத்து ஷெட்டில் தறி ஓடிக்கொண்டே இருப்பதால் ஒருத்தி பேசுவது மற்றவளுக்குக் கேட்காது. அப்படிப்பட்ட இடத்தில் சாப்பாட்டு நேரத்தில் வாரப்பத்திரிகைத் தொடர்கதையை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தவள் அவள். எங்களில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், மீதிப் பேருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே அலுப்பு. அவள் குரலுக்காகவே டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்போம். கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன பிறகும் அந்தத் தொண்டை இறங்கவே இல்லை. காதோடு ரகசியம் சொன்னாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

அப்படிப்பட்டவள் என்னிடம் ஒரு ரகசியத்தை மாதக்கணக்கில் காப்பாற்றினாள் என்றால் நம்புவீர்களா? காப்பாற்றினாள்.

எனக்கு ஒரே மகன். எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு பட்டாளத்துக்காரரும் போலீஸ்காரரும் உண்டு. அதனாலேயே எனக்குப் பயம். யார் வேண்டுமானாலும் போகட்டும், என் பிள்ளை போக வேண்டாம், உள்ளூர் மில்லில் ஒரு மேஜை நாற்காலி கிடைத்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். அவனும் சரி என்று தலையாட்டினான். ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் கிளாஸ் இருக்கிறது, சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறேன் என்றான். என் சிநேகிதியை அவன் சித்தி என்றுதான் கூப்பிடுவான். நானே துணிமணி எடுத்து வைத்து அனுப்பினேன்.

அங்கே நடந்தது வேறு. விடியுமுன்னே பையன் கிருஷ்ணன்கோவில் ரோட்டில் ஓடியிருக்கிறான். அவள், புருஷனின் டி.வி.எஸ். வண்டியில் பின்னால் உட்கார்ந்து, ஒரு கையில் டார்ச், ஒரு கையில் கைக்கடிகாரம், "வேகமா வாலே, வேகமா வாலே" என்று கத்திக்கொண்டே போயிருக்கிறாள். ஓடி முடித்ததும் அவித்த முட்டை, ஊறவைத்த கொண்டைக்கடலை. இந்தக் கம்ப்யூட்டர் கிளாஸ் பற்றி ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதி ஊருக்குத் தெரியும். ராஜபாளையத்தில் எனக்கு மட்டும் தெரியாது.

ஒருநாள் அவள் வீட்டுக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். பால்கோவா அடுப்பில் வேலை பார்க்கிற மனிதர், இன்னும் சூடு ஆறாத ஒரு பொட்டலம் கையில். "தம்பிக்கு வேலை கெடைச்சிருக்கு மதினி" என்றார். என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே ஒரு துண்டை வாயில் போட்டேன். பட்டாளம் என்ற பதிலைக் கேட்டதும் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அன்றைக்கு பஸ் ஏறிப் போய் அவளை நான் பேசாத பேச்சு இல்லை. எல்லாம் பேசித் தீர்த்து வாசலுக்கு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, "போறேன்" என்றேன். நம் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. பக்கத்துக் கடைக்குப் போனாலும் போயிட்டு வாரேன்தான். பின்னாலேயே வந்தாள். "ஏட்டி, என்னைய எம்புட்டு வேணா திட்டு. போயிட்டு வாரேன்னு மட்டும் சொல்லிட்டுப் போ" என்றாள். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

அதன்பிறகு பேச்சே இல்லை. எங்களைச் சேர்த்து வைத்தவனும் என் மகன்தான். பயிற்சி முடிந்து முதல் லீவில் வந்தான். சென்னையிலிருந்து வருகிற ரயில் காலையில் முதலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கும், அப்புறம்தான் ராஜபாளையம். பெற்றவள் இங்கே ஸ்டேஷனில் காத்திருக்க, துரை அங்கேயே இறங்கிவிட்டார். சித்தி வீட்டில் வயிறார வெண்டைக்காய் புளிக்குழம்பும் சுட்ட அப்பளமும் தின்றுவிட்டு, மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினான். ஒரு கையில் பெட்டி, மறுகையில் அவள். அவளை முன்னால் தள்ளிக்கொண்டு படியேறினான். வீடு தேடி வந்தவளை வா என்றுதானே சொல்ல முடியும்? சொன்னேன். காப்பி போட்டேன். பழையபடி ஆகிவிட்டோம். நடந்ததைப் பற்றி மட்டும் இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் அவன் அங்கேதான் முதலில் இறங்குகிறான். பெத்தது நான், மொதச் சோறு அவ கையிலயா என்று நானும் ஒவ்வொரு தடவையும் சண்டை போடுகிறேன். அந்தச் சண்டை எனக்குப் பிடிக்கும்.

இவ்வளவும் பழைய கதை. இனிமேல்தான் நாவலுக்கு வருகிறேன்.

சமீபத்தில் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கண்ணில் தண்ணீர் படக்கூடாது, அடுப்புப் பக்கம் போகக்கூடாது, எதையும் உற்றுப் படிக்கக்கூடாது என்று சொல்லி, ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்காரர்தான் சமையல், அவர்தான் சொட்டு மருந்து. கண்ணில் விடச் சொன்னால் மூக்கில் விடுவார். எனக்கு இருந்த எரிச்சலில் சுவரோடு சண்டை போட்டிருப்பேன். மகனும் எல்லைப் பக்கம் எங்கோ இருந்தான், போன் எடுக்காத இடம். டி.வி. பார்க்கக்கூடாது என்பது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. வீட்டுக்காரர் செய்தி பார்க்கும்போது மட்டும் சத்தத்தைக் குறைத்து வைப்பார். அவர் குறைப்பதை வைத்தே எல்லையில் ஏதோ நடக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவேன்.

அவள்தான் வழி கண்டுபிடித்தாள். "கண்ணுதானே மூடியிருக்கு, காது தொறந்துதானே இருக்கு" என்றாள். ஊர் நூலகத்தில் ஒரு தடித்த நாவல் எடுத்திருக்கிறாளாம், வேறு எந்த மொழியிலிருந்தோ தமிழில் வந்ததாம், தினமும் கொஞ்சம் வாசித்து வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்புகிறேன் என்றாள். மறுநாளே வந்துவிட்டது. போனைக் காதில் வைத்தால் தாங்காது. கட்டிலின் அந்தக் கோடியில் வைத்து, இந்தக் கோடியில் படுத்துக் கேட்டேன்.

சண்டை ஓயாத ஒரு மலைநாடு. பனி கொட்டுகிறது. இரண்டு பெண்கள், அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர், ரொட்டி சுடுவதற்கு முற்றத்தில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே அடுப்பு. ஒருத்தி தீ மூட்டினால் மற்றவள் மாவு பிசைவாள். ஒருத்திக்கு வயசுப் பையன் ஒருவன். படைக்காரர்கள் அவனைப் பிடித்துப் போய்விடுவார்கள் என்று ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் இரட்டைச் சுவர் எழுப்பி ஒளித்து வைத்திருக்கிறாள். அந்த இடம் தெரிந்த ஒரே வெளியாள் அவள் சிநேகிதி. அந்தச் சிநேகிதியின் புருஷனைச் சோதனைச்சாவடியில் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். இப்படிப் போகிறது.

நான் அந்த முற்றத்தில் குடியேறிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குரலுக்கும் பதில் குரல் போட்டேன். பையனின் கையில் அடிபட்டுக் கட்டுப் போடுகிற இடம் வந்தபோது, "அது நம்ம ஊரு துணியா இருக்குமோட்டி?" என்று கேட்டேன். "நம்ம ஊரு துணின்னா பயப்படாத, கட்டு அவுறாது" என்று பதில் வந்தது. நாங்கள் சுற்றி அனுப்பிய துணி எந்த ஊரில் எந்தப் பிள்ளையின் கையில் இருக்கிறதோ என்று அன்று வெகுநேரம் யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

பையனைக் காட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒருநாள் குரல் வந்தது. யார் என்று பார்த்தால், யாரோ ஒரு வழிப்போக்கனாம், புகையைப் பார்த்துச் சந்தேகப்பட்டுச் சொல்லிவிட்டானாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. போனை எடுத்து அந்த வழிப்போக்கனை வாய்க்கு வந்தபடி வைது அனுப்பினேன். அவன் கை விளங்காமல் போகட்டும், அவன் குடும்பம் மண்ணாய்ப் போகட்டும், பெத்தவ வயிறு எரிஞ்சா சும்மா விடுமா என்று நீளமாக. அதற்கு அவளிடமிருந்து பதில் வரவில்லை. மறுநாள் வந்த குரல் கம்மியிருந்தது. தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்தேன். அவளுக்குத் தொண்டை கட்டி நான் பார்த்ததே இல்லை, அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முடிவு நல்ல முடிவு. சண்டை நின்றுவிடுகிறது. பனி உருகுகிற காலத்தில் பையன் பஸ்ஸில் வந்து இறங்குகிறான். தாய் அவனை உட்காரவைத்து, சுடச்சுடச் சோறு போட்டு, வெண்டைக்காய் புளிக்குழம்பு ஊற்றி, அப்பளத்தைச் சுட்டு நொறுக்கிப் போட்டு, அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். சுபம். அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததை மறந்து, கறுப்புக் கண்ணாடிக்குள் தாரை தாரையாய் அழுதேன். வீட்டுக்காரர் சொட்டு மருந்தோடு வந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு இது தேவையில்லை என்று திரும்பிப் போய்விட்டார்.

கண்ணாடியைக் கழற்றலாம், அடுப்படிக்குப் போகலாம் என்று சொல்லிவிட்ட பிறகு ஒருநாள் காலையில் வெண்டைக்காய் வதக்கிக்கொண்டிருந்தேன். புளியைக் கரைத்துச் சட்டியில் விட்டேன். அப்போதுதான் மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. அந்தப் பனி நாட்டில் ஏது வெண்டைக்காய்? புளியை எங்கே போய் வாங்கினாள்? ரொட்டி தின்று வளர்ந்த பையனுக்குச் சுட்ட அப்பளம் யார் பழக்கினது?

அடுப்பை அணைத்தேன். "எங்க போற, கொழம்பு கொதிக்கல" என்றார் வீட்டுக்காரர். "செத்த நேரத்துல வாரேன்" என்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். எனக்குக் கோபம் வந்தால் போனில் தீராது, நேரில் போக வேண்டும். வழியெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். பட்டாளத்தில் பிள்ளையை வைத்திருக்கிறவள் நான். ஒரு கதையைத் தாங்கமாட்டேன் என்று நினைத்துவிட்டாளா? பச்சைப்பிள்ளைக்கு மாதிரி எனக்குக் கதை மாற்றிச் சொல்கிறாளா? ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் கோபுரம் கண்ணில் பட்டது. எத்தனையோ வருஷமாக மங்கலாகவே பார்த்த கோபுரம், அன்றைக்கு ஒவ்வொரு பொம்மையும் தனித்தனியாகத் தெரிந்தது. கோபத்தை மறந்து கொஞ்சம் நின்றேன். அப்புறம் ஞாபகம் வந்து வேகமாக நடந்தேன்.

அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வாட்டி, கண்ணு எப்படி இருக்கு? தனியாவா வந்த?" என்றாள்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. பொஸ்தகத்தைக் குடு, நானே படிச்சுப் பாக்கேன்."

"லைப்ரரில குடுத்துட்டேனே."

பொய் சொன்னால் அவள் குரல் தணிந்துவிடும். வீட்டுக்குள் போனேன். எனக்குத் தெரியாத இடமா அந்த வீடு? அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்தது. எடுத்துவந்து, அவளுக்கு எதிரே உட்கார்ந்து, கடைசிப் பகுதியைப் பிரித்தேன். அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

வழிப்போக்கன் என்று எவனுமே இல்லை. இடத்தைக் காட்டிக் கொடுத்தது சிநேகிதி. புருஷனை விட்டுவிடுகிறோம் என்றார்கள், சொல்லிவிட்டாள். பையனைக் கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவே இல்லை. பஸ்ஸும் இல்லை, சோறும் இல்லை.

படித்துவிட்டு நிமிர்ந்தேன். இவள் மறைத்தது எனக்காக மட்டும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. கீரைக்காம்பை இலை என்று நினைத்து முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த வழிப்போக்கனை வஞ்சு ஒரு வாய்ஸ் அனுப்பினியே," என்றாள் தலையைத் தூக்காமல். "அதைத் தெனமும் போட்டுக் கேட்டேன்."

அந்த வசவு முழுவதும் எனக்கு ஞாபகம் வந்தது. கை விளங்காமல் போகட்டும் என்று சொல்லியிருந்தேன். அந்தக் கைதான் என் பிள்ளைக்கு முட்டை உரித்துக் கொடுத்தது. என்ன சொல்வது என்று தெரியாத சமயத்தில் நான் செய்யக்கூடியது சத்தம் போடுவது ஒன்றுதான். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்து, பேக்கிங் ஷெட்டில் அவள் வாசித்த மாதிரியே உரக்க வாசிக்க ஆரம்பித்தேன்.

பனி உருகிவிட்டது. பையனைப் பறிகொடுத்தவள் நெருப்புக் கங்கு எடுத்துப் போக ஒரு சட்டியோடு பொது அடுப்புக்கு வருகிறாள். சிநேகிதி அங்கே உட்கார்ந்திருக்கிறாள். அத்தனை மாதமும் இருவரும் அதே அடுப்பில் ரொட்டி சுட்டிருக்கிறார்கள், ஒருநாளும் அதைப் பேசவில்லை. இன்றைக்கு அந்தத் தாய் குனிந்து கங்குகளை அள்ளிக்கொண்டே கேட்கிறாள்.

"'நீதான் சொன்னாயா?'" என்று வாசித்தேன்.

அடுத்த வரியை நான் எடுப்பதற்குள் எதிரிலிருந்து பதில் வந்தது. "ஆமாட்டி. நான்தான்."

முறத்தைத் தள்ளி வைத்துவிட்டாள். "ஒனக்குத் தெரியாது. செலக்சன் அன்னிக்குக் காலைல அவன் எந்திரிக்கல. பயமா இருக்கு சித்தி, அம்மாட்டயே போயிருதேன்னான். அன்னிக்கு விட்டிருந்தா ஒன்கிட்ட வந்திருப்பான். நான்தான் தண்ணியத் தெளிச்சு, ஆம்பளப் பிள்ளை என்னலே பயம், எந்திரின்னு எழுப்பி அனுப்புனேன். அவனுக்கு ஒண்ணுன்னா..." அதற்குமேல் அவள் சொல்லவில்லை. அவள் சட்டப்படி அதைச் சொல்லக்கூடாது.

எனக்குக் கோபம் வந்தது. இல்லை என்று எழுதினால் பொய். அம்மாவிடம் போகிறேன் என்று அவன் சொல்லியிருக்கிறான், இவள் எழுப்பி அனுப்பியிருக்கிறாள். இன்னொரு பக்கம், அவன் அவளைக் கையைப் பிடித்து என் வீட்டுப் படியேற்றிய நாளும் கண்ணுக்குள் வந்து நின்றது. எழுப்பி அனுப்பியவளைத்தான் ஒவ்வொரு லீவிலும் முதலில் போய்ப் பார்க்கிறான். அவனுக்கு இல்லாத கணக்கு எனக்கு எதற்கு? போன் எடுக்காத அந்த நாட்களில் அவனை நினைத்துப் பயந்துகொண்டிருக்க, உலகத்தில் எனக்குத் துணையாக இருந்தது இவள் ஒருத்திதான். அவனைத் திரும்பி வரவைக்க வேறு எந்த வழியும் தெரியாமல், பஸ்ஸில் ஏற்றி, புளிக்குழம்பு ஊற்றி, கதையிலாவது வரவைத்திருக்கிறாள். அவள்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது.

பக்கத்தைப் பார்த்தேன். ஒரே ஒரு வரிதான் மிச்சம். அந்தத் தாய் கங்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், போகிறேன் என்கிறாள். அத்தோடு நாவல் முடிகிறது. கெட்டியான கறுப்பு எழுத்து. என் புதுக்கண்ணுக்கு ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரி என்ன என்று அவளுக்குத் தெரியும். ஒருநாள் அதே வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நான் சொன்னதுதான் அது.

தொண்டையைச் செருமிக்கொண்டு, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வாசித்தேன். "'போயிட்டு வாரேன்' என்றாள் அவள்."

புத்தகத்தை மூடினேன்.

அவள் சேலைத் தலைப்பில் மூக்கைத் துடைத்தாள். "அப்படியா போட்டிருக்கு?" என்றாள்.

"அப்படித்தான் போட்டிருக்கு."

"நான் வாசிச்சப்ப வேற மாதிரில்ல இருந்துச்சு."

"ஒனக்கும் கண்ணுல பொரை விழுந்திருக்கும்," என்றேன். "நாளைக்கே போய்க் காட்டு."